லயத்தை விட்டபின் மலைச்சரிவில் எப்படிப்பட்ட ஊரைக் கட்டுவது?

தம்முடைய தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களை வரிசை அறைகளில் குடிவைத்த லயங்களுக்குப் பதிலாக, 60 குடும்பங்களுக்குப் புதிய குடியிருப்பு வரவிருக்கிறது என்றும், குடும்பத்துக்கு 7 பேர்ச் (ஏறத்தாழ 1,900 சதுர அடி) காணியும் தனி வீடும் தருவதாகத் திட்டம் என்றும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மேலைநாடுகளில் பழைய கட்டடக்கலையைப் பின்பற்றி, எல்லாத் தேவைக்கும் நடந்தே போய்வரக்கூடிய, நெடுங்காலம் நிலைக்கக்கூடிய ஊர்களைப் புதிதாகக் கட்டுகிறார்களாம். அந்த வழி இலங்கையின் மலையகத்துக்கும் ஒத்துவருமா என்பது அவருடைய கேள்வி. "லயத்தை விட்டால் நமக்கென்று பாரம்பரியக் கட்டடக்கலை ஏதாவது இருக்கிறதா?" என்று முடித்திருக்கிறார். ஒத்துவரும் என்பதே என் விடை. ஆனால் இரண்டு வேலைகளை முதலில் செய்தாக வேண்டும். சமதரைக்குப் போட்ட கணக்கைச் சரிவுக்கு மாற்றிப் போட வேண்டும்; லயத்தில் எது கொடுமை, எது நல்லது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது வேலை மனத்துக்குக் கடினமானது.

மேலைநாட்டார் செய்வது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் திட்டமிடலாளர் கிளாரன்ஸ் பெரி 1929இல் ஒரு குடியிருப்புக்கு அளவுகோல் வகுத்தார்: நடுவிலுள்ள பாடசாலையிலிருந்து கால் மைல், அதாவது ஏறத்தாழ 400 மீற்றர் தொலைவுக்குள் எல்லா வீடுகளும் அமைய வேண்டும். அரை நூற்றாண்டுக்குப் பின் லியோன் கிரியர் என்ற கட்டடக்கலைஞர் இதையே பழைய ஐரோப்பிய நகரங்களின் பாடமாக எடுத்துச் சொன்னார். இங்கிலாந்தின் டோர்செற் பகுதியில் 1993இல் கட்டத் தொடங்கிய பவுண்ட்பெரி அவருடைய வரைபடப்படி எழுந்த ஊர். அங்கே வீடுகள் தெருவோரமாகச் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. கடையும் தொழிற்கூடமும் வீடுகளுக்கு இடையிலேயே இருக்கின்றன. கல், செங்கல், ஓடு என்று திருத்திக்கொள்ளக்கூடிய பொருள்களால் கட்டப்பட்டிருக்கின்றன. தூண்களும் முகப்பு அலங்காரங்களும்தான் படங்களில் கண்ணில் படும். ஆனால் அவ்வூரைத் தாங்குவது அந்த நெருக்கமும் கலப்பும்தான்.

இனிச் சரிவின் கணக்கு. மலையேறிகளுக்காக ஸ்கொட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் வகுத்த விதி இன்றும் உதவுகிறது: மணிக்கு 5 கிலோமீற்றர் நடை, அதற்கு மேல், ஏறும் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு நிமிடத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். சமதரையில் 400 மீற்றர் 5 நிமிடம். அதே 400 மீற்றருக்குள் 60 மீற்றர் ஏற்றம் இருந்தால் 11 நிமிடம். முதுகில் கொழுந்துக் கூடையோ தலையில் விறகுக் கட்டோ இடுப்பில் பிள்ளையோ இருந்தால் அதற்கும் மேல். ஆகவே, பெரி வரைந்த வட்டம் மலையில் வட்டமாக நிற்காது. மலையின் இடுப்பைச் சுற்றி, சம உயரக் கோட்டின் வழியே நீண்டும் மேலும் கீழும் ஒடுங்கியும் போகும். பாடசாலையும் கடையும் மருந்தகமும் பிள்ளைக் காம்பராவும் (குழந்தைகள் காப்பகம்) அந்த நீண்ட பாதையில், ஏற்ற இறக்கம் குறைந்த மட்டத்தில் அமைய வேண்டும். வரைபடத்தில் 'பாடசாலை 300 மீற்றர்' என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து ஒப்புதல் தரும் அதிகாரி, அந்த 300 மீற்றரில் எத்தனை படி என்று கேட்பதில்லை. கேட்க வேண்டியது நீங்கள்.

படிகளைப் பற்றி நம்மிடம் பேச்சே இல்லை என்பது எனக்கு நீண்டநாள் ஆதங்கம். மலையூரில் படிக்கட்டுத்தான் தெரு. பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் பிரான்சுவா புளொண்டெல் 17ஆம் நூற்றாண்டில் சொன்ன சூத்திரம், இரண்டு படிகளின் உயரமும் ஒரு மிதியின் அகலமும் சேர்ந்து 24 அங்குலம் அளவில் வர வேண்டும் என்பது. மழையில் நனையும் வெளிப்படிக்கு, உயரத்தை ஐந்தரை அங்குலமாகக் குறைத்து மிதியை 13 அல்லது 14 அங்குலமாக வைத்தால் வயதானவர்களும் அஞ்சாமல் இறங்குவார்கள். பத்துப் பன்னிரண்டு படிக்கு ஒரு தட்டு வேண்டும். மழைநீர் படியின் மேல் வழிந்தால் பாசி பிடித்துக் கால் வழுக்கும்; எனவே ஓரத்தில் தனிக் கான் (வடிகால்) கட்டாயம். புதிய குடியிருப்பு ஒன்றில் பார்த்தேன்: வீடுகள் எல்லாம் முடிந்து, சாயமும் பூசி, திறப்பு விழாவும் நடந்திருந்தது. வீட்டு வாசலிலிருந்து வீதிக்கு இறங்க, மண்ணில் மண்வெட்டியால் வெட்டிய படிகள். முதல் மழையில் அவை கரைந்து, அந்த வாசல்களில் கிழவிகள் சறுக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஒப்பந்தத்தில் வீடு இருந்தது, படி இல்லை.

நடப்பவர்களுக்கென்றே எழுந்த கட்டடக்கலை நம் பக்கத்தில் இருந்திருக்கிறது. தமிழகத்து வழியோரங்களில் இன்னும் நிற்கும் சுமைதாங்கிக் கல் அதில் ஒன்று. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமைக்காரர் யார் கையையும் எதிர்பாராமல் சுமையை அதன்மேல் சாய்த்து இறக்கி, பிறகு அப்படியே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நிறுத்துவது வழக்கம். கண்டி நாட்டு வழிகளில் சிங்கள மக்கள் கட்டிய அம்பலமும் இதே இனம்: நான்கு புறமும் திறந்த, கூரை வேய்ந்த, குந்தியிருக்கத் திண்டு வைத்த ஒரு சிறு மண்டபம். பழைய கொழும்பு–கண்டி வீதியில் கடுகண்ணாவை அம்பலம் இன்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, நீண்ட படிக்கட்டின் நடுத்தட்டில் ஒரு கூரையும் திண்டும் சுமை வைக்க இடுப்புயரக் கல்லும் அமைத்தால், அதைவிடப் பயனுள்ள பொதுக்கட்டடத்தை ஒரு தோட்டக் குடியிருப்புக்கு என்னால் நினைக்க முடியவில்லை. பெரிய செலவும் ஆகாது.

ஊர் எங்கே அமைய வேண்டும் என்பதில்தான் பழமை நமக்கு மிகப் பெரிய பாடத்தை வைத்திருக்கிறது. கண்டி நாட்டுப் பழைய கிராமத்தில் பள்ளத்தாக்கின் அடியில் வயல். அதை ஒட்டிய மெல்லிய சரிவில் வீடுகளும் பலாவும் பாக்கும் நிறைந்த வீட்டுத்தோட்டங்களும். அதற்கு மேலே செங்குத்தான சரிவும் மலைமுகடும் காடு. பெரிய கட்டடங்களைப் பாறையின்மேல் நிறுத்தினார்கள். பேராதனைக்கு அண்மையில் 1344இல் எழுந்த கடலாதெனிய, லங்காதிலக விகாரைகள் இரண்டும் திறந்த பாறைமேல் நிற்பவை. கடலாதெனியவைக் கட்டிய ஆசாரி தென்னிந்தியரான கணேஸ்வராச்சாரி. லங்காதிலகவின் பாறைக் கல்வெட்டு சிங்களத்தில் மட்டுமன்றித் தமிழிலும் உண்டு. ஆகவே "நமக்கென்று" என்ற சொல்லுக்குள் இந்த மலையின் பழங்கட்டடங்களையும் தயங்காமல் சேர்த்துக்கொள்ளலாம். 1840இல் தரிசு நிலச் சட்டம் வந்து, கோப்பிக்காக முகட்டுக் காடுகள் விற்கப்பட்டு அழிக்கப்பட்டபோது இந்த அடுக்கு தலைகீழானது. நல்ல நிலம் பயிருக்குப் போயிற்று. தோட்டத் துரையின் பங்களாவுக்குக் காட்சி தெரியும் குன்று போயிற்று. லயங்களுக்கு மிஞ்சியது ஓடைக்கரையும் செங்குத்துச் சரிவின் அடிவாரமும். கோப்பி நோயில் அழிந்து தேயிலை வந்த பிறகும் லயங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்த மீரியபெத்தவில் மண்ணுக்குள் போன லயங்களையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலையகமெங்கும் சரிந்த இடங்களையும் இந்த வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மீரியபெத்தவைப் பற்றி முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் 60 வீடுகளுக்கு நிலம் காட்டும்போது, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. தோட்டம் விட்டுக்கொடுக்க மனம் ஒப்பும் நிலம் பெரும்பாலும் தேயிலைக்கு உதவாத நிலம். தேயிலைக்கு உதவாததற்கு ஒரு காரணம் இருக்கும்.

இனி லயம். 10 அடிக்கு 12 அடிக் காம்பரா என்ற ஒற்றை அறை, முன்னால் இஸ்தோப்பு என்ற திறந்த தாழ்வாரம், சன்னல் இல்லாத பின்சுவர், புகைபோக்கி இல்லாத அடுப்பு. குடும்பம் பெருகும்போது இஸ்தோப்பில் சுவர் எழுப்பிச் சமையலறையாக்கிக்கொள்வார்கள். அதோடு காற்றும் வெளிச்சமும் வந்த ஒரே வழியும் அடைபடும். இரட்டை லயமானால் முதுகோடு முதுகு ஒட்டிய இன்னொரு வரிசை. இதை யாரும் பாரம்பரியம் என்று கொண்டாட வேண்டாம். ஆனால் ஒற்றை லயத்தை ஒருமுறை பக்கவாட்டில் நின்று பார்த்தால், அது மலையை எவ்வளவு குறைவாக வெட்டியிருக்கிறது என்பது தெரியும். ஆழம் குறைந்த நீண்ட கட்டடம். சம உயரக் கோட்டின் வழியே படுத்திருக்கிறது. கட்டியவர்கள் மலைமேல் கொண்ட கருணையால் அப்படிக் கட்டவில்லை, வெட்டுக்கூலி மிச்சம் என்பதால் கட்டினார்கள். காரணம் எதுவானாலும் கணக்கு சரி.

அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். சரிவு 20 பாகை என்று வைத்துக்கொள்வோம். இந்திய அரசின் உதவியில் தோட்டங்களில் அமையும் இந்திய வீட்டுத் திட்டத்தின் 550 சதுர அடி வீட்டைப் போல, 24 அடிக்கு 24 அடி தனி வீடு ஒன்றுக்குத் தளம் வெட்டினால், முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் மட்ட வேறுபாடு ஏறத்தாழ எட்டேமுக்கால் அடி. முழுவதையும் வெட்டியே எடுத்தால் வீட்டுக்கு 2,500 கன அடி மண். அதே பரப்பை 16 அடி அகலம், 18 அடி ஆழம் என்று இரண்டு தட்டு வீடாக, பக்கச் சுவர் பொதுவாக, வரிசையில் வைத்தால் மட்ட வேறுபாடு ஆறரை அடி. மண் 950 கன அடிக்குக்கூட வராது. மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். வெட்டிய மண் அந்தரத்தில் போவதில்லை. கீழ்ச்சரிவில் கொட்டப்பட்டு, அடுத்த பெருமழைக்குக் காத்திருக்கும். தனி வீடுகளுக்கு இடையே விடும் சந்து நிலமும் வெட்டப்பட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு வெளிச்சுவர், நான்கு பக்கமும் சாரல், நான்கு பக்கமும் கான். 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதன் நடுவில் வீட்டை நிறுத்தினால் சுற்றிலும் யாருக்கும் பயன்படாத ஒடுங்கிய மண்பட்டை மிஞ்சும். ஓரத்தில் வரிசையாக நிறுத்தினால் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் மரக்கறி போடுமளவுக்கு ஒரே துண்டாகத் தோட்டம் கிடைக்கும்.

இதைச் சொன்னதும் "அப்படியானால் மறுபடியும் லயமா? மாடி லயமா?" என்ற கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டாகச் சுவருக்கு அப்பால் இருமுவதும் கேட்கும் வீட்டில் வாழ்ந்தவர்களிடம் பொதுச்சுவரின் சிக்கனத்தைப் பற்றிப் பாடம் எடுக்க யாருக்கும் உரிமை இல்லை. தனி வீடு என்ற ஆசையில் கௌரவமும் விடுதலையும் இருக்கின்றன. நான் சொல்லும் வேறுபாடு இதுதான்: ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் இன்னொரு குடும்பம் இருக்கக் கூடாது, அடியிலிருந்து கூரைவரை ஒரே குடும்பத்துக்குச் சொந்தமாக, தனி வாசல், தனி இஸ்தோப்பு, தனிப் பின்தோட்டம், தனி உறுதிப்பத்திரம் இருக்க வேண்டும். பொதுச்சுவர் 9 அங்குலத்துக்குக் குறையாத செங்கல்லாக, கூரைவரை இடைவெளியின்றி எழ வேண்டும். லயத்தில் சத்தம் தாண்டியதற்குப் பாதிக் காரணம் சுவர் கூரையை எட்டாமல் நின்றதே. வரிசையையும் 20 காம்பராவாக நீட்ட வேண்டியதில்லை. நான்கு அல்லது ஆறு வீட்டுக்கு ஓர் இடைவெளி, அந்த இடைவெளியில் மேல் வரிசைக்குப் போகும் படிக்கட்டு. அட்டன், தலவாக்கலைக் கடைவீதிகளில் வசதியுள்ள முதலாளிமார் பல தலைமுறையாகச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில்தான் வாழ்கிறார்கள். வீதியிலிருந்து பார்த்தால் ஒரு தட்டு, பின்னால் பள்ளத்திலிருந்து பார்த்தால் மூன்று தட்டு. அவர்களை யாரும் லயத்தில் இருப்பவர்கள் என்று சொல்வதில்லை.

குடியிருக்கப்போகிறவர்களைக் கேட்டு வரைந்தால் இந்த மனத்தடை பெருமளவு தீரும் என்பதற்குக் கண்டியிலேயே சான்று உண்டு. 1918இல் கண்டியில் பிறந்து, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் மினெற் டி சில்வா, 1950களின் இறுதியில் வத்தாப்புளுவ வீடமைப்புத் திட்டத்தை அரச ஊழியர்களுக்காக வடிவமைத்தார். வரைவதற்கு முன் குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்து, எப்படிச் சமைக்கிறார்கள், எங்கே சாமி கும்பிடுகிறார்கள், என்ன செலவழிக்க முடியும் என்று கேட்டறிந்து, ஒரே அச்சில் வார்க்காமல் பல வகை வீடுகளைச் சரிவின் போக்குக்கேற்ப அமைத்தார். (அவருடைய தாயார் அக்னஸ் டி சில்வாவை நம்மவர்கள் அதிகம் அறிவதில்லை. அரசியலமைப்புச் சீர்திருத்தத்தை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழுமுன் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு நின்றபோது, தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கும் அது வேண்டும் என்று தயங்காமல் சொன்னவர் அவர்.) கண்டி அரச ஊழியரிடம் கேட்ட கேள்விகளை ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் கேட்க ஏன் முடியாது என்று எனக்குத் தெரியவில்லை. அதிகாலையில் மலைக்குப் போய் மாலையில் திரும்பும் அவருக்கு, ஈர உடுப்பையும் இடுப்பில் சுற்றிய படங்கையும் கழற்றிவைக்க வாசலில் ஓர் இடம் வேண்டும் என்பதைத் தலைநகரத்து வரைபடக்காரர் தாமாக எண்ணிப்பார்க்க மாட்டார்.

பாரம்பரியம் என்றதும் செட்டிநாட்டு முற்றத்தையும் யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டையும் இங்கே நகலெடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவை வெயிலுக்குப் பிறந்தவை. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில் இருக்கும் நுவரெலியாவில் திறந்த முற்றம் பனியைத்தான் வீட்டுக்குள் அழைத்துவரும். இந்த உயரத்துக்குத் தேவையானவை காலை வெயில் நுழையும் சன்னலும், முறையான புகைபோக்கியும், மூடித்திறக்கக்கூடிய இஸ்தோப்பும். பங்களாவில் புகைபோக்கி வைக்கத் தெரிந்தவர்களுக்கு லயத்தில் வைக்கத் தெரியாமல் போகவில்லை. கூரைக்குக் கண்டிக் கூரையே ஆசான்: நடுவில் செங்குத்தாக இறங்கி, ஓரத்தில் சாய்வு குறைந்து நீண்டு, மழைநீரைச் சுவரைவிட்டுத் தள்ளி வீசும் இரட்டைச் சாய்வு. எம்பெக்கே தேவாலயத்தில் ஒரே மர ஆணி 26 கைமரங்களைப் பிடித்திருக்கும் தச்சு வேலையை நாம் மீண்டும் செய்ய வேண்டியதில்லை; இறவாணத்தை மூன்றடி நீட்டினாலே போதும். ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் வட்டவளைப் பக்கத்தில் சாரல் தென்மேற்கிலிருந்து அடிக்கும்; பதுளைப் பக்கத்தில் பெருமழை வடகீழ்ப் பருவத்தில் வரும். ஆகவே ஒரே வீட்டுப்படத்தை இரு இடத்துக்கும் அனுப்புவது, ஒரே அளவுச் சட்டையைப் பாடசாலை முழுவதற்கும் தைப்பதைப் போன்றது.

பொருள்களைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தேயிலை மலைகளில் சீமெந்து இல்லாமல் அடுக்கிய கல்லுக்கட்டுகள் நூறு ஆண்டு தாண்டியும் நிற்பதற்குக் காரணம், அவற்றின் இடுக்குகள் வழியே நீர் கசிந்து வெளியேறுவது. அதே இடத்தில் நீர் வடியும் துளை வைக்காமல் எழுப்பிய கொங்கிரீற் சுவர், பின்னால் தேங்கிய நீரின் அழுத்தத்தில் ஒரு மாரியில் வயிறு தள்ளும், மறு மாரியில் விழும். கொங்கிரீற்றே கூடாது என்பதில்லை. துளையும், பின்புறம் சல்லிப் படுகையும், உச்சியில் கானும் இருந்தால் அதுவும் நிற்கும். ஆனால் கல்லுக்கட்டில் ஒரு கல் பெயர்ந்தால் தோட்டத்து ஆளே எடுத்துவைத்துவிடுவார். கொங்கிரீற் பிளந்தால் ஒப்பந்தக்காரரைத் தேட வேண்டும். கல் கட்டத் தெரிந்த கைகள் இன்னும் தோட்டங்களில் இருக்கின்றன. அவர்களுக்கு அந்த வேலையைக் கூலியோடு கொடுங்கள்.

கோயிலும், காலையில் வேலைக்கு ஆள் திரட்டும் பெரட்டுக்களமும், கொழுந்து நிறுக்கும் மடுவமும் இருந்த இடங்களைப் புதிய வரைபடத்தில் அழித்துவிடாதீர்கள். காமன் கூத்தும் திருவிழாவும் நடக்க ஒரு சமதரை வேண்டும். மலையில் சமதரை அரிது. ஏற்கெனவே வெட்டப்பட்ட ஒன்று இருக்கும்போது இன்னொன்றை வெட்டுவது வீண். அதன் ஓரத்தில் இரண்டு கடை, ஒரு தையல் அறை, ஒரு வாசிகசாலை என்று கீழ்த்தட்டில் தொழிலுக்கு இடம் விட்டால், ஒரு தேங்காய் வாங்க ஓட்டோவுக்குக் காசு கொடுக்கும் நிலை வராது.

கடைசியாகச் சொல்வது கட்டடத்தைப் பற்றியதல்ல, உரிமையைப் பற்றியது. லயத்தில் ஒரு சன்னல் திறக்கவும் நிருவாகத்தின் அனுமதி வேண்டியிருந்தது. தன்னுடையது அல்லாததை யாரும் பேணமாட்டார்கள், பேணாதது நிலைக்காது. வீட்டுக்கு உறுதிப்பத்திரம் கேட்கும் நாம், பாதை யாருடையது என்று கேட்க மறந்துவிடுகிறோம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பிறகு, பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குள்ளும் சேவை செய்யலாம். ஆனால் பாதையும் படிக்கட்டும் கானும் நிலஅளவைப் படத்தில் பொதுநிலமாகத் தனித்துக் காட்டப்படாவிட்டால், சபை அதைத் தன் பொறுப்பாக ஏற்பது கடினம்; தோட்டமும் தன்னுடையதில்லை என்று கைகழுவிவிடும். எனவே வீட்டுத் துண்டுகளுக்கு இலக்கம் போடுவதற்கு முன்பே நிலஅளவையாளரிடம் போய், வீதியிலிருந்து கடைசி வாசல் வரைக்கும் நடைபாதை, படிக்கட்டு, கான், இளைப்பாறும் தட்டு ஆகியவற்றைக் குறைந்தது ஆறடி அகலத்தில் முதலில் வரையச் சொல்லுங்கள். நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நான்கு பேர் இறங்க அந்த அகலம் வேண்டும்.